ஐரிஷ் பாட்டி வழியாகக் குடியுரிமை: எங்கே சறுக்குகிறார்கள்?

பாட்டியோ தாத்தாவோ அயர்லாந்தில் பிறந்தவர் என்றால் பேரப்பிள்ளைகள் ஐரிஷ் குடியுரிமை கோரலாம். ஆனால் அது தானாக வந்துவிடாது. அயர்லாந்து அரசின் வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் (Foreign Births Register) பெயர் ஏற வேண்டும். ஏறிய நாள் முதல்தான் நீங்கள் குடிமகன், பிறந்த நாள் முதல் அல்ல.

ஆகப் பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. "குழந்தை பிறக்கட்டும், அப்புறம் எல்லாருக்கும் சேர்த்துப் போட்டுக்கலாம்" என்று தள்ளிப்போடுவார்கள். நீங்கள் பதிவான பிறகு பிறக்கும் பிள்ளைக்குத்தான் இந்த உரிமை கிடைக்கும். முன்னால் பிறந்துவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும். மற்ற பிழைகளுக்கெல்லாம் மறுபடி காகிதம் அனுப்பிச் சமாளிக்கலாம், இதற்கு முடியாது.

அப்பாவோ அம்மாவோ முதலில் ஐரிஷ் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும் என்று சிலர் காத்திருக்கிறார்கள். தேவையில்லை, அவர் உயிரோடு இல்லாவிட்டாலும் நீங்கள் விண்ணப்பிக்கலாம். பெல்ஃபாஸ்டில் பிறந்த தாத்தாவை 'பிரிட்டன்காரர்' என்று ஒதுக்கிவிடுபவர்களும் உண்டு. வட அயர்லாந்தும் கணக்கில் சேரும்.

சரி, காகிதங்கள். மூன்று தலைமுறைக்கும் பெற்றோர் பெயருடன் கூடிய முழுப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும்; பெயர் மாறியிருந்தால் திருமணச் சான்றிதழும். பழைய பதிவேட்டுப் பக்கங்களை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அதை அச்சிட்டு அனுப்பினால் செல்லாது. பதிவு அலுவலகத்தில் சான்றிதழாகவே வாங்க வேண்டும். இணையப் பக்கம் பதிவு எண்ணைத் தேடி எடுக்க உதவும், அவ்வளவுதான்.

பெயர்தான் பெரிய தலைவலி. பிறப்புச் சான்றிதழில் பிரிட்ஜெட், திருமணத்தில் பிரைடி, இறப்பில் டெலியா என்று இருக்கும். மூன்றும் ஒரே பாட்டி! ஓ'சல்லிவன் கப்பலேறியதும் வெறும் சல்லிவன் ஆகியிருப்பார். பொருந்தாத இடங்களை நீங்களே ஒரு கடிதத்தில் விளக்கி, சான்றுகளோடு வைத்துவிடுங்கள்.

சாட்சிக் கையெழுத்தைச் சித்தப்பாவிடம் வாங்காதீர்கள். உறவினர் கூடாது. உங்களை நேரில் அறிந்த, அனுமதிக்கப்பட்ட தொழில்களில் ஒன்றைச் செய்பவராக இருக்க வேண்டும். படிவத்தில் மட்டும் அவர் கையெழுத்தை வாங்கிவிட்டு, புகைப்படங்களில் வாங்க மறந்துவிடுவதும் அடிக்கடி நடக்கிறது.

சென்னை ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் போல, இந்தியப் பாஸ்போர்ட்டோடு விண்ணப்பிப்பவர்களுக்கு ஒன்று: அயர்லாந்து இரட்டைக் குடியுரிமையை ஏற்கும், இந்தியா ஏற்காது. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆவது பிரிவுப்படி, வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்றால் இந்தியக் குடியுரிமை போய்விடும். வீட்டில் பேசி முடிவெடுத்த பிறகு கட்டணத்தைக் கட்டுங்கள்.