பழுதான ரோபோ வக்யூமைத் தூக்கிப் போடுமுன்: முதலில் பற்றரியைக் கழற்றுங்கள்

ரோபோ வக்யூம் கிளீனர் நம் மலைநாட்டுப் பக்கத்திலும் பழசாகத் தொடங்கிவிட்டது. குளிருக்குக் கார்பெட் விரித்த நுவரெலியா, பண்டாரவளை வீடுகளில் வாங்கினார்கள், எல்ல பக்கத்து ஹோம்ஸ்டேக்களில் வாங்கினார்கள், கட்டாரிலும் டுபாயிலும் வேலை செய்கிறவர்கள் லீவுக்கு வரும்போது பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் வீட்டுக்கு அக்கா கொண்டுவந்ததும் அப்படித்தான். சில வருடங்களில் பற்றரி படுத்துவிடும், பாகம் கிடைக்காது, அப்புறம் அது கட்டிலுக்குக் கீழே கிடக்கும். வீடு துப்புரவாக்கும் ஒருநாளில் பழைய இரும்புக்காரரிடம் போகும், இல்லையென்றால் குப்பைக் குழியில் எரியும், அதுவும் இல்லையென்றால் பள்ளத்தில் போய் விழும். இந்த மூன்றும் நடக்கக் கூடாது. எங்கள் வீட்டு ரோபோவை முறையாக ஒப்படைத்து முடித்த கையோடு இதை எழுதுகிறேன்.

பள்ளத்தில் போடுவதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் பள்ளம் என்றால் அதன் அடியில் ஓர் ஓடை இருக்கும். நோர்வூட் பக்கம் போட்டால் கெஹெல்கமு ஓயா வழியாகக் காசல்ரீ நீர்த்தேக்கம், மஸ்கெலியா பக்கம் என்றால் மஸ்கெலி ஓயா வழியாக மவுஸ்ஸாக்கலை. இந்த இரண்டு ஓயாவும் கீழே சேர்ந்துதான் களனி கங்கை ஆகிறது, அதிலிருந்து அம்பத்தளையில் எடுக்கும் தண்ணீரைத்தான் கொழும்பு குடிக்கிறது. நானுஓயா, கொத்மலை ஓயா பக்கம் போட்டால் மகாவலி. நாடு குடிக்கும் தண்ணீர் நம் வீட்டு வாசலில் இருந்து தொடங்குகிறது, அதனால் மற்றவர்களைவிட நமக்குப் பொறுப்பு கூட.

உண்மையிலேயே பழுதா?

நம் பக்கத்து ஈரத்தில் பல ரோபோக்கள் சாவதில்லை, சார்ஜ் ஏறுவதுதான் நின்றுபோகிறது. அடியில் இரண்டு உலோகத் தகடுகள் இருக்கும், சார்ஜ் ஆகும் தளத்திலும் அதே மாதிரி இரண்டு இருக்கும். பனிமூட்டத்து ஈரம் பட்டுப் பட்டு அவற்றில் கறுப்பாகவோ பச்சையாகவோ படலம் பிடித்திருக்கும். தளத்தின் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஐசோபுரோப்பைல் அல்கஹோல் தொட்ட பஞ்சால் நான்கையும் நன்றாகத் துடையுங்கள். அது போதாவிட்டால் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்க்கலாம். மணல்தாள் வேண்டாம், மேல்பூச்சு போய்விட்டால் இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும். அப்படியும் வேலை செய்யாவிட்டால், உங்கள் மொடலுக்குப் புதுப் பற்றரி கிடைக்குமா என்று ஒருதடவை விசாரியுங்கள். திருத்திப் பாவிக்க முடிந்தால் அதைவிட நல்ல வழி வேறில்லை.

வைஃபையும் வீட்டு வரைபடமும்

இதைப் பற்றரியைக் கழற்றுமுன் செய்ய வேண்டும், ஏனென்றால் மின்சாரம் இருந்தால்தான் ரீசெட் ஆகும். உங்கள் வைஃபை பாஸ்வேர்ட் ரோபோவுக்குள் இருக்கிறது, பல மொடல்களில் வீட்டின் அறை வரைபடமும் இருக்கிறது, சிலவற்றில் கமராவே இருக்கிறது. கையேட்டில் சொன்னபடி தொழிற்சாலை நிலைக்கு ரீசெட் செய்யுங்கள், அப்புறம் போனில் இருக்கும் செயலியிலிருந்து வரைபடத்தையும் ரோபோவையும் நீக்குங்கள். செயலியை மட்டும் அழித்தால் போதாது, கணக்கில் எல்லாம் அப்படியே இருக்கும். ரோபோ உயிரே இல்லாமல் கிடக்கிறது என்றால் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு வைஃபை பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள், அவ்வளவுதான்.

சார்ஜை இறக்குவது

ரோபோ இன்னும் ஓடும் நிலையில் இருந்தால் தளத்தில் வைக்காமல் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். நிறைந்த பற்றரியைவிட இறங்கிய பற்றரி எவ்வளவோ பாதுகாப்பு. ஓடவில்லையென்றால் அப்படியே விட்டுவிடுங்கள்.

உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்று நிறைய வீடியோக்கள் சொல்கின்றன. தயவுசெய்து செய்யாதீர்கள். உப்புத் தண்ணீரில் முனைகள்தான் முதலில் அரித்துப் போகும், வெளியே தொடர்பு அறுந்தபின் உள்ளே சார்ஜ் அப்படியே இருக்கும், நீங்கள் இறங்கிவிட்டது என்று நம்பிக் கையாளுவீர்கள். வாயுவும் வரும். கடைசியில் அந்த வாளித் தண்ணீரை எங்கே ஊற்றப் போகிறீர்கள்? அதே ஓடையில்தானே.

பற்றரியைக் கழற்றுவது

எனக்கு அதிக நேரம் எடுத்தது இந்தப் படிதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தேவையானவை: காந்த முனையுள்ள நட்சத்திர ஸ்குரூ டிரைவர், ஒன்றாம் இலக்கம், தண்டு நீளமாக. முனை மாற்றுகிற மலிவு செட்டுகளை நான் சிபாரிசு செய்யமாட்டேன், ஸ்குரூ பள்ளமான குழிக்குள் இருப்பதால் அந்தத் தடித்த கழுத்து உள்ளே போகாது. ஹாட்வெயார் கடையில் நல்லதாக ஒன்று வாங்கினால் வாழ்நாளுக்கும் போதும். அப்புறம் ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டை, கறுப்பு இன்சுலேஷன் டேப். செலோடேப் வேண்டாம், நம் ஊர் ஈரத்துக்குக் கொஞ்ச நாளில் கழன்றுவிடும்.

ரோபோவை ஒரு துணிமேல் கவிழ்த்து வையுங்கள். தூசிப் பெட்டியை முதலிலேயே எடுத்து வெளியில் கொட்டிவிடுங்கள், மாஸ்க் போட்டுக்கொண்டு, ஏனென்றால் மாதக்கணக்கில் கிடந்த பெட்டியில் பூஞ்சணம் பிடித்திருக்கும். சில மொடல்களில் பற்றரிக்குத் தனி மூடி இருக்கும், இரண்டு ஸ்குரூதான். மற்றவற்றில் அடிமூடி முழுவதையும் கழற்ற வேண்டும். எல்லா ஸ்குரூவையும் எடுத்தாயிற்று, மூடி மட்டும் வரவில்லை என்றால் நெம்பாதீர்கள், எங்கேயோ ஒன்று ஒளிந்திருக்கிறது. சைட் பிரஷ்ஷுக்கு அடியில் பாருங்கள், ரப்பர் பாதங்களுக்கு அடியில் பாருங்கள், ஸ்டிக்கரை விரலால் அழுத்திப் பாருங்கள். ரூம்பா என்ற பிராண்டின் பழைய ரோபோக்கள் பலவற்றில் சைட் பிரஷ்ஷைக் கழற்றினால்தான் மூடியே வரும். கத்தியோ இரும்பு ஸ்குரூ டிரைவரோ விட்டு நெம்பினால் முனை பற்றரியைக் குத்தக்கூடும். லித்தியம் பற்றரி குத்துப்பட்டால் தீப்பிடிக்கும், அந்தத் தீயோடு வரும் புகையும் நஞ்சு. பிளாஸ்டிக் அட்டை எதற்கென்றால் இதற்குத்தான்.

மூடி திறந்ததும் பற்றரியின் லேபிளை வாசியுங்கள். பெரும்பாலும் லித்தியம் அயன், 14.4 அல்லது 14.8 வோல்ட், உள்ளே நான்கு செல்கள் தொடராக இருக்கும். பழைய ரூம்பாக்களில் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு இருக்கும், அதுவும் 14.4 வோல்ட்தான், ஆனால் தீப்பிடிக்கும் ஆபத்துக் குறைவு. எந்த வகை என்று ஒரு துண்டில் எழுதி வையுங்கள், ஒப்படைக்கும்போது கேட்பார்கள்.

ரூம்பா மாதிரியானவற்றில் பற்றரி தகடுகளில் உட்கார்ந்திருக்கும், தூக்கினால் வந்துவிடும். மற்றவற்றில் வயரும் வெள்ளைக் கனெக்டரும் இருக்கும். அந்தக் கனெக்டரின் பக்கத்தில் சின்ன நாக்கு ஒன்று உண்டு, அதை நகத்தால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கனெக்டரின் உடம்பைப் பிடித்து இழுக்க வேண்டும். வயரைப் பிடித்து இழுத்தால் வயர்தான் அறும், அறுந்த வயர் இரண்டும் ஒன்றோடொன்று பட்டால் பொறி பறக்கும். எங்கள் வீட்டு ரோபோவில் அந்த நாக்கு பற்றரிக் குழியின் சுவர் பக்கமாகத் திரும்பியிருந்தது, டோர்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரிந்தது. அவசரப்பட வேண்டாம், வெளிச்சம் நன்றாக இருக்கும் நேரத்தில் செய்யுங்கள்.

கனெக்டர் எப்படியும் வரவில்லையா? வயரை வெட்டலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான். ஒன்றை வெட்டி, அதன் முனையில் உடனே டேப் சுற்றி, அதற்கு அப்புறம்தான் அடுத்தது. எல்லா வயரையும் சேர்த்து ஒரே வெட்டாக வெட்டினால் வெட்டும் கருவியின் இரும்பே இரண்டு முனையையும் இணைத்துவிடும். ‘பற்றரிதான் செத்துப்போச்சே’ என்று நினைக்காதீர்கள். ரோபோவை ஓட்ட முடியாத பற்றரியிலும் 12 வோல்ட் அளவில் மிச்சம் இருக்கலாம், பொறி பறக்க அது தாராளம்.

வெளியே எடுத்ததும் கனெக்டரின் வாயை, தகடு என்றால் ஒவ்வொரு தகட்டையும், டேப்பால் மூடுங்கள். மேலே உள்ள பிளாஸ்டிக் உறையைக் கிழித்துச் செல்களைத் தனித்தனியாக எடுக்க முயல வேண்டாம்.

ஒப்படைக்கும்வரை எங்கே வைப்பது?

மண் சட்டியில் காய்ந்த மணல் போட்டு அதில் வையுங்கள், பிள்ளைகள் கைக்கு எட்டாத, மழைச் சாரல் படாத இடத்தில். ஈரமானது எதையும் அடுப்படியில் காயவைக்கும் பழக்கம் நமக்கு உண்டு. பற்றரியை மட்டும் அடுப்புப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

யாரிடம் கொடுப்பது?

இலங்கையில் மின்னணுக் கழிவு, 2008 பெப்ரவரி 1ஆம் திகதிய 1534/18 இலக்க வர்த்தமானியின்படி பட்டியலிடப்பட்ட கழிவு. அதாவது அதைச் சேகரிக்க மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். வீதியில் ‘பழைய இரும்பு, போத்தல்’ என்று கூவி வரும் அண்ணனிடம் அது இருக்காது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை, அவருடைய பிழைப்பு அது. ஆனால் பற்றரியோடு சேர்த்துக் கொடுத்தால் அதைச் சுத்தியலால் உடைக்கப்போகிறவர் அவர்தான், செம்புக்காக வயரை எரித்து அந்தப் புகையைக் குடிக்கப்போகிறவரும் அவர்தான். அவருக்காகவாவது கொடுக்காதீர்கள்.

உங்கள் பிரதேச செயலகத்துக்குப் போய்ச் சுற்றாடல் உத்தியோகத்தரைக் கேளுங்கள். அனுமதி பெற்றவர்களின் பட்டியல் அதிகார சபையின் இணையத்தளத்திலும் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் மேல் மாகாணத்தில் இருப்பதால் ஒரே ஒரு ரோபோவுக்காக ஹட்டன்வரை வரமாட்டார்கள், அதுதான் நமக்குள்ள உண்மையான சிக்கல். அதனால் அக்கம்பக்கத்தில் சேர்த்துக் கொடுங்கள்: உடைந்த போன், பழைய சார்ஜர், எரிந்துபோன எல்ஈடி பல்ப், லைன் வீடுகளில் கிடக்கும் ரீசார்ஜ் டோர்ச்கள். கோயில் சபையோ பாடசாலைப் பழைய மாணவர் சங்கமோ முன்னின்றால் ஒரு லொறி வந்து எடுக்கும் அளவுக்குச் சேர்ந்துவிடும். 2021 அக்டோபரில் தபால் நிலையங்கள் வழியாக நாடு முழுக்க மின்னணுக் கழிவு சேகரித்தார்கள், அப்படி அறிவிப்பு வந்தால் விட்டுவிடாதீர்கள்.

காசு எதிர்பார்க்க வேண்டாம். சர்க்கிட் பலகையையும் லித்தியம் பற்றரியையும் இங்கே பிரித்தெடுத்து, இறுதி மீள்சுழற்சிக்கு வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். ஆபத்தான கழிவை நாடுவிட்டு நாடு அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையில் இலங்கை 1992இலிருந்து இருக்கிறது, பெறுகிற நாடு சம்மதித்தால்தான் அனுப்பலாம். 2025 ஜனவரி 1இலிருந்து எல்லா வகை மின்னணுக் கழிவுக்கும் அந்த விதி. இவ்வளவு வேலை இருக்கும்போது அவர்கள் இலவசமாக எடுப்பதே பெரிய விஷயம்.

பற்றரி இல்லாத உடம்பையும் சார்ஜ் தளத்தையும் அடப்டரையும் அதே இடத்திலேயே கொடுக்கலாம். சக்கரம், பிரஷ் மோட்டார், தூசிப் பெட்டி நல்ல நிலையில் இருந்தால் டவுனில் திருத்துகிற தம்பியிடம் முதலில் கேளுங்கள், இன்னொரு ரோபோ பிழைக்கும். ஃபில்டரும் பிரஷ்ஷும் சாதாரண குப்பைதான்.

பின்சேர்க்கை

வாசித்தவர்கள் கேட்டதால் இரண்டு விஷயம். பண்டாரவளையிலிருந்து ஒரு தங்கை, ‘அண்ணே, மூடியைத் திறந்தா பற்றரி உறை உப்பிக் கிடக்கு, ஒரு மாதிரி இனிப்பு வாசம் வருது, கழற்றவா?’ என்று கேட்டிருந்தார். வேண்டாம், தங்கச்சி. அப்படியே மூடி, முழு ரோபோவையும் வீட்டுக்கு வெளியே, மழை படாத சீமெந்துத் தரையில், விறகு அடுக்கிய இடத்துக்குத் தூரமாக வையுங்கள். அதிகார சபையிலோ சேகரிப்பவரிடமோ பேசும்போது முதல் வார்த்தையாகவே ‘உப்பியிருக்கிறது’ என்று சொல்லுங்கள், அதை எடுக்கும் முறையே வேறு.

இன்னொருவர் கொழும்பு சேகரிப்பாளருக்குப் பற்றரியைப் பார்சலில் அனுப்பலாமா என்று கேட்டார். தனிப் பற்றரியைப் பார்சலில் போடாதீர்கள், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாதவர்கள் அதைத் தூக்கி எறிந்து அடுக்குவார்கள். யாராவது கொழும்புக்குப் போகும்போது, டேப் ஒட்டி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துக் கையோடு கொண்டுபோகலாம். பஸ்ஸில் என்றால் எஞ்சின் மேலே சாமான் வைக்கும் இடத்தில் வேண்டாம், மடியில் வைத்துக்கொள்ளுங்கள். போயா நாளில் அலுவலகம் மூடியிருக்கும், போகுமுன் கலண்டரைப் பார்த்துவிடுங்கள்.