குழி என்றால் எத்தனை அடி? நிலக் கணக்கில் சறுக்கும் இடங்கள்

பட்டாவில் பரப்பு என்ற கட்டத்தில் 0 - 16.00 என்று இருக்கிறது. எங்கள் சித்தப்பா இதைப் பதினாறு செண்ட் என்றே பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். வரப்பில் நடந்து பார்த்தால் நிலம் கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறதே என்ற சந்தேகம் மட்டும் அவருக்கு உண்டு. கட்டத்தின் தலையில் 'ஹெக் - ஏர்' என்று இருப்பதை யாரும் கவனிக்கவில்லை. கோட்டுக்கு முன்னால் இருப்பது ஹெக்டேர், பின்னால் இருப்பது ஏர். ஓர் ஏர் 100 சதுர மீட்டர், அதாவது 2.47 செண்ட். ஆக, பதினாறு ஏர் என்பது 39.5 செண்ட். விலை பேச வந்த தரகருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்?

அதே கோட்டில் இன்னொரு வழுக்கலும் உண்டு. 1 - 05.00 என்பதை ஒன்றரை ஹெக்டேர் என்று வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். அது 1.05 ஹெக்டேர்தான், 2 ஏக்கர் 59 செண்ட். ஒன்றரை ஹெக்டேர் என்றால் 3 ஏக்கர் 71 செண்ட் ஆகிவிடும். ஒரு புள்ளியைத் தப்பாக எண்ணியதில் ஓர் ஏக்கருக்கு மேல் காற்றில் முளைக்கிறது.

ஏக்கர், செண்ட், ஹெக்டேர் எல்லாம் சர்க்கார் அளவு, எங்கே போனாலும் மாறாது. ஊர் அளவுகள் அப்படி இல்லை. குழியை எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர்ப் பக்கம் பொதுவாக 12 அடிக் கோலால் அளந்த சதுரம் ஒரு குழி, 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. புதுச்சேரிக்கு வந்தால் குழி 24 அடிக் கோல் கணக்கு, 576 சதுர அடி. அங்கே நூறு குழி ஒரு காணி. பெயர் ஒன்று, நிலம் நாலு மடங்கு. கோல் இரண்டு மடங்கு நீண்டால் பரப்பு நாலு மடங்கு ஆகும் என்பதை அவசரத்தில் மறந்துவிடுவோம். இணையக் கணிப்பானில் 'குழி' என்று தட்டினால் அது ஏதோ ஓர் ஊர்க் குழியை வைத்து விடை சொல்லும். உங்கள் ஊர் எது என்று கேட்காது. "எத்தனை அடிக் கோல்?" என்று முதலில் கேட்பது பழைய பழக்கம்தான். சோழர் கல்வெட்டுகளிலேயே 'பதினாறு சாண் கோல்' என்று கோலின் நீளத்தைச் சொல்லித்தான் நிலத்தை அளந்திருக்கிறார்கள்.

அப்புறம் 'மூணு மா ஓர் ஏக்கர்' என்கிற வாய்க்கணக்கு. பேச்சுக்குச் சரி. எழுத்தில் வைத்தால் இடிக்கும். மூன்று மா 43,200 சதுர அடி. ஓர் ஏக்கர் 43,560. இரண்டரைக் குழி குறைகிறது. ஒரு வேலியை 6.67 ஏக்கர் என்று போடுவதும் இதே கணக்கில் வந்ததுதான். 144 சதுர அடிக் குழிப்படி வேலி 2,88,000 சதுர அடி, அதாவது 6.61 ஏக்கர். ஆறே மூன்றில் இரண்டு ஏக்கர் என்றால் 2,90,400. வித்தியாசம் 2,400 சதுர அடி, மிகச் சரியாகச் சென்னையில் ஒரு கிரவுண்டு! ஹெக்டேருக்கு இரண்டரை ஏக்கர் என்று போடுகிறவர்களுக்கும் இதே கதி. இரண்டு ஹெக்டேர் 5 ஏக்கர் இல்லை, 4.94.

பழைய பாகப்பத்திரம் கையில் இருந்தால் இன்னும் நிதானம் வேண்டும். மா, காணி இரண்டும் நில அளவின் பெயர் மட்டும் இல்லை, பின்னத்தின் பெயரும்கூட. மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, இரண்டும் சேர்ந்த மாகாணி பதினாறில் ஒன்று. மாவில் சிக்கல் இல்லை. வேலியில் இருபதில் ஒன்று எப்படியும் ஒரு மாதான். காணியில்தான் தடுக்கும். வேலியில் எண்பதில் ஒரு பங்கு என்ற பொருளில் காணி வந்திருந்தால் அது 25 குழி, 3,600 சதுர அடி. நில அளவாக வந்திருந்தால் 57,600 சதுர அடி. பதினாறு மடங்கு வித்தியாசம்! முன்னும் பின்னும் இரண்டு வரி படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

யாழ்ப்பாணத்து நண்பர் "ரெண்டு காணி இருக்கு" என்றால் 2.64 ஏக்கர் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். அங்கே காணி என்றால் நிலம், அவ்வளவுதான். அளவைப் 'பரப்பு' என்ற அலகில் சொல்வார்கள். 16 பரப்பு ஓர் ஏக்கர்.

நெல்லைப் பக்கத்துக் கோட்டை விதைப்பாடு வேறு வகை. இவ்வளவு விதை விதைக்கக்கூடிய நிலம் என்பது அதன் பொருள். அதைச் சதுர அடியாக்கும் வாய்பாட்டை நான் நம்பமாட்டேன். சர்வே எண்ணைப் பிடித்துப் பட்டாவைப் பார்ப்பதே வழி.

மீட்டரை அடியாக்க 3.28ஆல் பெருக்குவோம். சதுர மீட்டரையும் அதே கையோடு 3.28ஆல் பெருக்கி, 223 சதுர மீட்டர் மனை 731 சதுர அடிதானா என்று பதறிப்போய் எனக்குப் போன் செய்தவர் ஒருவர் உண்டு. பெருக்க வேண்டியது 10.764ஆல். அது முழுசாக ஒரு கிரவுண்டு.

கடைசியாக, எல்லாரும் செய்கிற ஒன்று. மனை கோணலாக இருந்தால் எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டி, இரண்டால் வகுத்து, வந்ததைப் பெருக்குவார்கள். மூலைகள் சதுரமாக இல்லாத மனைக்கு இந்தக் கணக்கு எப்போதும் கூடுதலாகத்தான் காட்டும், வாங்குகிறவருக்கு நஷ்டம். 60 அடியும் 40 அடியுமாக நாலு பக்கமும் சரியாக இருந்தும் மனை சாய்ந்திருக்கலாம். ஒரு மூலைவிட்டம் 80 அடியும் மற்றது 63 அடியும் வந்தால் அது 2,400 இல்லை, சுமார் 2,320 சதுர அடிதான். டேப்பை மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு தடவை பிடித்துப் பாருங்கள். சதுரமாக வெட்டிய மனை என்றால் இரண்டும் 72 அடி 1 அங்குலத்தை ஒட்டி வரும்.