சாப்பிட மறுத்த கார்ன் ஸ்நேக் குட்டி: என் அனுபவம்

காரைக்குடியில் எங்கள் பழைய வீட்டில் கார்ன் ஸ்நேக் குட்டி ஒன்று வளர்கிறது. இது அமெரிக்கப் பாம்பு இனம், நம்மூர்ப் பாம்பை வைத்தால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சும்மா விடாது. முதல் தோல் உரித்த பிறகும் இது இரையைத் தொடவில்லை. முடி முளைக்காத எலிக்குஞ்சை நீட்டினால் தலையைத் திருப்பிக்கொள்ளும். "பசிச்சாத் தானாத் திங்கும், விடுப்பா" என்றார் ஆயா.

முதலில் சூடு. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை நமக்குச் சுகம். மார்கழியில் அதன்மேல் வைத்த பெட்டி சில்லிட்டுவிடும். உடம்பில் சூடு இல்லாவிட்டால் பாம்புக்குச் செரிக்காது, தின்னவும் தின்னாது. பெட்டியை மரப் பெஞ்சில் ஏற்றினேன். ஒரு பக்கம் மட்டும் ஹீட் மேட் என்ற சூடேற்றும் விரிப்பு, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டில் 30 டிகிரி.

அடுத்தது வாசனை. காட்டில் இதன் குட்டிகள் பல்லி, சிறு தவளை தின்பவை. உறைந்த எலிக்குஞ்சை வெந்நீரில் இளக்கித் துடைத்து, சுவர்ப்பல்லி கழற்றிப்போட்ட வாலை எலிக்குஞ்சின் மூக்கில் தேய்த்தேன். ஓட்டை போட்ட சின்ன டப்பாவில் பாம்புக்குட்டியையும் எலிக்குஞ்சையும் விட்டு, இரவு முழுக்க இருட்டில் வைத்தேன். திறந்து பார்க்காமல் இருப்பதுதான் பெரும்பாடு. காலையில் இரையைக் காணோம். குட்டியின் வயிற்றில் ஒரு புடைப்பு.

தின்றதும் இரண்டு நாள் கையில் எடுக்காதீர்கள், கக்கிவிடும். வாயில் திணிப்பது கடைசி வழி. அதைக் கால்நடை மருத்துவரிடம் விடுங்கள்.