மொட்டை மாடியில் முதல் ஐந்து பைகள்

சென்னைப் புறநகரில் உள்ள எங்கள் வீட்டு மாடியில் தோட்டம் போடலாம் என்று தோன்றிய ஆண்டில், ஆடி பிறந்த கையோடு இருபது வளர்ப்புப் பைகளையும் பன்னிரண்டு வகை விதைகளையும் ஒரே நாளில் வாங்கி வந்தேன். கார்த்திகை முடிவதற்குள் நான்கு பைகளில் மட்டுமே உயிருள்ள செடி மிஞ்சியிருந்தது. அதே மாதங்களில், வீட்டின் பின்பக்கச் சுவரோரம் தானாக முளைத்திருந்த ஒரு கத்தரிச் செடி, யாரும் நீர் ஊற்றாமலேயே காய்த்துக்கொண்டிருந்தது. இதற்கான காரணம் புரிய எனக்கு ஓர் ஆண்டு ஆயிற்று. தரையில் உள்ள செடியின் வேர், நீர் குறைந்தால் கீழே இறங்கித் தேடும். உப்பு மிகுந்தால் மழை அதைக் கரைத்துக் கொண்டு போகும். வெயில் மேல்மண்ணைச் சுட்டாலும் அடிமண் குளிர்ந்தே இருக்கும். பைக்குள் இருக்கும் வேருக்கு இந்த வசதிகளில் ஒன்றும் இல்லை. நீர், உணவு, உப்பு, சூடு ஆகிய நான்கையும் நாம்தான் கவனிக்க வேண்டும் என்பதால், முதல் பருவத்தில் ஐந்து பைகளுக்கு மேல் வைக்க வேண்டாம் என்பதே புதியவர்களுக்கு நான் சொல்லும் முதல் அறிவுரை.

பைகளை வைக்கும் இடத்தில் நாளொன்றுக்கு ஐந்து அல்லது ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழ வேண்டும். 12 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் உள்ள பை தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய் ஆகியவற்றுக்குப் போதுமானது. பீர்க்கை, சுரை போன்ற கொடிகளுக்கு 15 அங்குலத்துக்குக் குறையாத பை தேவை. கீரைக்கு அரை அடி ஆழமுள்ள அகன்ற தொட்டியே போதும். நனைந்த நிலையில் 12 அங்குலப் பை ஒன்று ஏறக்குறைய 20 கிலோ எடை இருக்கும் என்பதால், மாடியின் நடுவில் குவிக்காமல், கீழே சுவரோ உத்தரமோ செல்லும் ஓரங்களில் வரிசையாக வைப்பது நல்லது. பையைத் தளத்தின் மீது நேரடியாக வைக்கக் கூடாது. இரண்டு செங்கற்களின் மேல் வைத்தால் வடிந்த நீர் தேங்காமல் ஓடிவிடும். தளத்தின் சூடும் பையின் அடியில் ஏறாது.

மண் கலவையில்தான் நான் பெரிய தவறு செய்தேன். செம்மண், தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு சேர்க்க வேண்டும் என்ற கணக்கு எனக்குத் தெரிந்திருந்தது. தெரியாதது, தென்னைநார்க் கழிவில் இயல்பாகவே உப்பு இருக்கும் என்பது. கடையில் கிடைக்கும் 5 கிலோ கட்டியை நீரில் ஊறவைத்தால் அது 60 லிட்டருக்கும் மேல் உப்பி வரும். அந்த அழகில் மயங்கி, ஊறியதை அப்படியே அள்ளிக் கலந்துவிட்டேன். முளைத்த செடிகளின் இலை நுனிகள் இரண்டே வாரத்தில் தீய்ந்து பழுப்பாயின. அது பூச்சியின் வேலை என்று எண்ணி வேப்பெண்ணெய் தெளித்ததையும், நோய் என்று எண்ணி இலைகளைக் கிள்ளியதையும் இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஊறவைத்த கழிவைப் பிழிந்து, நீரைக் கொட்டி, மறுபடியும் நீர் விட்டுப் பிழிவதை மூன்று முறையாவது செய்த பிறகே கலவையில் சேர்க்க வேண்டும். கலந்த மண்ணை லேசான ஈரத்துடன் ஒரு வாரம் அல்லது பத்து நாள் நிழலில் வைத்து, பையின் விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே நிற்கும்படி நிரப்பினால், நீர் ஊற்றும்போது மண் வெளியே வழியாது.

ஆடிப்பட்டம் தேடி விதை என்ற சொல் வயலுக்கு மட்டும் உரியதன்று. ஆடியில் விதைத்த வெண்டை, கத்தரி, அவரை, கொத்தவரை ஆகியவை கோடை தணிந்த பின் வளர்ந்து, வடகிழக்குப் பருவமழை வலுக்கும் முன் வேரூன்றி நிற்கும். இன்னொரு நல்ல பட்டம் தை மாதம். சித்திரையில் ஆர்வம் மேலிட்டுத் தக்காளி நட்டவர்கள், செடி செழித்துப் பூத்த பிறகும் பூக்கள் எல்லாம் உதிர்வதைக் காண்பார்கள். இரவிலும் வெப்பம் தணியாத நாள்களில் தக்காளியில் மகரந்தம் வலுவிழப்பதே அதற்குக் காரணம், உரக்குறை அன்று. கத்திரி வெயில் நாள்களில் புதிய செடி எதையும் நடாமல், இருப்பவற்றின் மேல் பச்சை நிழல்வலையைக் கட்டிக் காப்பாற்றினால் போதும்.

முதல் ஐந்து பைகளுக்கு நான் பரிந்துரைப்பவை: இரண்டில் வெண்டை, ஒன்றில் கத்தரி, ஒன்றில் மிளகாய், ஒன்றில் செண்டுமல்லி. இவற்றோடு ஒரு கீரைத் தொட்டியும் இருக்கட்டும். சிறுகீரை மூன்று நான்கு வாரத்தில் சமையலறைக்கு வந்துவிடுவதால், மற்றவற்றுக்குக் காத்திருக்கும் பொறுமையை அது தரும். வெண்டை, அவரை, கீரை, கொடி வகைகள் ஆகியவற்றின் விதையை நேரடியாகப் பையிலேயே ஊன்ற வேண்டும். தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றைக் குழித்தட்டில் (சிறு குழிகள் கொண்ட நாற்றுத் தட்டில்) நாற்றுவிட்டு, தக்காளியை 25 நாள் அளவிலும், கத்தரியை 30 முதல் 35 நாள் அளவிலும், மிளகாயை அதற்குச் சற்றுப் பிறகும் எடுத்து மாலை நேரத்தில் நடலாம். விதையின் பருமனைப் போல இரண்டு மடங்கு ஆழமே போதும். கீரை விதையை மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிய மண் படலம் இட்டால் சரி.

நீர் ஊற்றுவது எளிய வேலை என்று நினைப்பவர்களிடம்தான் செடிகள் அதிகம் சாகின்றன. நான் தினமும் காலையும் மாலையும் குவளை கணக்கில் ஊற்றினேன். மேல்மண் காய்ந்திருந்தாலும் அடியில் சேறாகி, வேர் அழுகி, செடி வாடியது. வாடியதைக் கண்டு இன்னும் ஊற்றினேன். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரம் இருந்தால் அன்றைக்கு விட்டுவிட வேண்டும். காய்ந்திருந்தால் அடித்துளையில் நீர் வடியும்வரை ஊற்ற வேண்டும். ஒரு நாள் காயப் போட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதும் தீங்கே. தக்காளிக் காயின் அடிப்பகுதி கறுத்துக் குழிவது பெரும்பாலும் இவ்வாறு ஈரம் ஏறி இறங்குவதால், சுண்ணாம்புச் சத்து காய்க்குச் சீராகச் சென்று சேராததன் விளைவு. முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவதால் அது உடனே நிற்காது. நீரைச் சீராக்கினால் அடுத்து வரும் காய்கள் நன்றாக இருக்கும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் நீரை வீணாக்க மனமின்றிச் செடிக்கு ஊற்றுகிறவர்கள் பலர். ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு முழுவதும் அதில்தான் செறிந்திருக்கிறது. அதைக் கழிவறைக்கோ தரை கழுவவோ பயன்படுத்தலாம், பைக்கு வேண்டாம்.

பையில் உள்ள சத்து ஒரு மாதத்தில் குறையத் தொடங்கும். அதன் பிறகு பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் இட்டு மேல்மண்ணைக் கிளறிவிடலாம். அல்லது கடலைப் புண்ணாக்கை இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு நீர் சேர்த்து ஊற்றலாம். பஞ்சகவ்யமாயின் லிட்டர் நீருக்கு 30 மில்லி கலந்தால் போதும். அளவு மிஞ்சினால் நன்மை மிஞ்சாது. என் கத்தரி ஒன்று வாரந்தோறும் புண்ணாக்கு நீர் குடித்து, முறம் போன்ற இலைகளுடன் நின்றதே தவிர, இரண்டு மாதம் பூக்கவே இல்லை.

பூச்சிகளுக்குக் காலை நேரத்தில் இலையின் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பதே முதல் மருந்து. அவரைக் கொழுந்தில் கறுப்பாக மொய்க்கும் அசுவினியையும், செம்பருத்தியிலும் கத்தரியிலும் வெள்ளையாக ஒட்டும் மாவுப்பூச்சியையும் தொடக்கத்திலேயே கண்டால், நீரை வேகமாகப் பீய்ச்சி அடித்துக் கழுவிவிடலாம். எறும்புகள் செடியில் ஏறி இறங்குவதைக் கண்டால் இவை வந்துவிட்டன என்று கொள்ளலாம். மிஞ்சினால் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்த பின் தெளிக்க வேண்டும். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும். கத்தரியில் ஒரு கொழுந்து மட்டும் தலை தொங்கினால் அது நீர்க்குறை அன்று, தண்டுக்குள் புழு இருக்கிறது என்பதன் அடையாளம். வாடிய பகுதிக்குச் சற்றுக் கீழே நறுக்கி, அதை மாடியிலேயே எறியாமல் அழித்துவிட்டால், அந்தப் புழு பெருகிக் காய்க்குப் போவது குறையும். வெண்டை இலையின் நரம்புகள் மஞ்சள் வலைபோல் ஆனால் மட்டும் இரக்கம் பார்க்கக் கூடாது. அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய். மருந்து கிடையாது, செடியைப் பிடுங்கிவிட வேண்டும்.

அடுத்த பருவத்தில் கொடி வகைகளுக்குச் செல்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். பூசணி, பாகல், சுரை, பீர்க்கை ஆகியவற்றில் பொதுவாக ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. பெண் பூவின் அடியில் விரல் நுனியளவு பிஞ்சு இருக்கும். ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். முதலில் ஆண் பூக்களே வரிசையாக வந்து உதிரும். அதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. மாடியில் தேனீக்கள் குறைவாயிருந்தால், ஆண் பூவைப் பறித்து இதழ்களை நீக்கி, அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவ வேண்டும். பூசணிக்கும் பாகலுக்கும் இதைக் காலையில் செய்யலாம். சுரைக்கொடியில் நான் நாள்தோறும் காலை ஏழு மணிக்குச் சென்று வாடிய பூக்களையே கண்டு, செடியில் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டியிருந்தேன். சுரையும் பீர்க்கையும் மாலையில் மலர்பவை என்பதைப் பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்லித்தான் அறிந்தேன். அன்று மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் தொட்டு வைத்த பூவே எங்கள் வீட்டின் முதல் சுரைக்காய் ஆனது.

பூச்செடிகளில் தொடங்குவதற்குச் செண்டுமல்லி எளியது; காய்ந்த பூவின் இதழடியில் உள்ள கரிய ஊசி போன்ற விதைகளை உதிர்த்தாலே முளைக்கும். குண்டுமல்லிக்கு முழு வெயிலும், கார்த்திகை மார்கழியில் முழங்கால் உயரத்துக்குக் கிளைகளை வெட்டிவிடும் கவாத்தும் தேவை, ஏனெனில் புதிதாக வரும் தளிர்களில்தான் அது மொட்டு விடும். கவாத்து செய்ய மனம் வராதவர்களின் மல்லிகை, கொடியாக நீண்டு இலை மட்டும் தரும். சாமந்தி, இரவு நீளும் காலத்தில் பூக்கும் செடி. மாடி விளக்கை விடிய விடிய எரியவிட்டால் மொட்டு வைப்பது தள்ளிப்போகும். ஒட்டு ரோஜாவில், ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழிருந்து கிளம்பும் தளிரை வளரவிட்டால் காட்டுச் செடி மட்டும் மிஞ்சும் என்பதால், அதைக் கண்டவுடன் நீக்க வேண்டும்.

வெண்டை 45 நாள் அளவில் காய்க்கத் தொடங்கும்; ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்காவிட்டால் முற்றி நாராகிவிடும். பறிப்பு ஓயும் முன், நோயில்லாத செடியில் உள்ள ஒரு நல்ல காயை மட்டும் பறிக்காமல் விட்டு, அது செடியிலேயே காய்ந்து வெடிக்கத் தொடங்கும்போது எடுத்து, விதைகளை நிழலில் உலர்த்தி, சாம்பலில் புரட்டி, மூடியுள்ள டப்பாவில் வைக்க வேண்டும். கலப்பின விதையில் முளைத்த செடியாக இருந்தால் அடுத்த தலைமுறை தாய்ச்செடியைப் போல வராது. நாட்டு விதையாக இருந்தால், அந்த ஒரு காயில் உள்ள விதைகளே வரும் ஆடிக்கு இரண்டு பைகளை நிரப்பி, பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கப் போதும்.