குட்டி டாஃபோடில்: செத்துவிட்டது என்று தொட்டியைக் கொட்டாதீர்கள்

கிழங்கிலிருந்து வளர்ந்து வசந்தத்தையொட்டிப் பூக்கும் பூச்செடி டாஃபோடில். அதன் குட்டி வகைகளை விதை போட்டு வளர்ப்பவர்களில் பலர், முதல் கோடை வந்ததும் செய்யும் தவறு ஒன்று உண்டு. வசந்தத்தில் பச்சை ஊசிகளாக நின்ற நாற்றுகள் பழுத்து, படுத்து, இருந்த இடம் தெரியாமல் போயிருக்கும். செத்துவிட்டது என்று மண்ணைக் கொட்டிவிடுவார்கள். நானும் ஒரு தொட்டியை அப்படிக் கொட்டினேன். கொட்டிய மண்ணை விரலால் கலைத்துப் பார்த்தால், கோதுமை மணி அளவில் வெள்ளை வெளேரென்று குட்டிக் கிழங்குகள், ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய பழுப்புத் தோல். அத்தனையும் உயிரோடு இருந்தன.

குட்டி டாஃபோடில்களில் பலவற்றின் சொந்த இடம் ஸ்பெயின், போர்ச்சுகல் மலைகளும் மொராக்கோவின் அட்லஸ் மலைகளும்தான். அங்கே இலையுதிர்கால மழையில் வேர் விடும். குளிரில் இலை வளரும், வசந்தத்தை ஒட்டிப் பூக்கும், வறண்ட கோடையில் மண்ணுக்குள் தூங்கும். தொட்டியில் நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தச் சுழற்சியை மறப்பதால் வருபவை.

முதலில் விதை. டெட்-ஆ-டெட் என்ற புகழ்பெற்ற குட்டி ரகத்தில் விதை கிடைக்கும் என்று காத்திருக்க வேண்டாம், அது மலட்டு ரகம். இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஆலெக் கிரே என்பவர் விதையிலிருந்து வளர்த்தெடுத்தது அது. அது வந்த அதே விதைக்காயிலிருந்துதான் ஜம்ப்லி, குவின்ஸ் என்ற இன்னும் இரண்டு ரகங்களும் வந்தன. ஒரே காயில் மூன்று விதமான பூ! கலப்பின விதை தாயைப் போலவே பூக்கும் என்று நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. எதிர்பார்த்த பூவே வேண்டும் என்றால் இயற்கை இனங்களின் விதையைத் தேடுங்கள். பாவாடை விரித்தது போலப் பூக்கும் நார்சிசஸ் பல்போகோடியம் தொடங்குபவர்களுக்கு ஏற்றது (நார்சிசஸ் என்பது டாஃபோடிலின் அறிவியல் பெயர்). இதழ்கள் பின்னால் மடிந்து நிற்கும் நார்சிசஸ் சைக்ளமினியஸும் அழகுதான், ஆனால் அதன் மண் ஈரம் குறையாமல் இருக்க வேண்டும்.

விதையை டப்பாவில் போட்டு அடுத்த ஆண்டுக்கு வைப்பது அடுத்த தவறு. பூ வாடியபின் காய் பழுத்து வாய் பிளக்கும்போது கருப்பாகப் பளபளக்கும் விதைகள் உதிரும். அவற்றை உடனே, தள்ளிப்போனால் இலையுதிர்காலத் தொடக்கத்துக்குள், விதைத்துவிடுங்கள். பழைய விதை சுணங்கும், பாதி முளைக்காமலே போகும்.

தட்டையான நாற்றுத் தட்டில் விதைக்காதீர்கள். குட்டிக் கிழங்கு தன் வேர்களைச் சுருக்கி, தன்னைத்தானே கீழே இழுத்துக்கொள்ளும். அதற்கு ஆழம் வேண்டும், 12 முதல் 15 செ.மீ. வரை இருந்தால் நல்லது. மண் கலவையில் பாதிக்குக் கரகரப்பான மணலோ பெர்லைட்டோ (மண்ணை இலகுவாக்கும் வெள்ளைத் துகள்) இருக்கட்டும். விதையின் மேல் ஒரு செ.மீ. கலவை, அதற்கு மேல் பொடி ஜல்லி ஒரு அடுக்கு. ஜல்லி இல்லாவிட்டால் மழை விதையைக் கிளப்பிவிடும், பாசியும் படரும்.

அப்புறம், தொட்டியை வீட்டுக்குள் கதகதப்பாக வைப்பது. தக்காளி விதைக்கு நல்லது இதற்கு ஆகாது. 10 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிரும் ஈரமும் பல வாரங்கள் கிடைத்தால்தான் இது விழிக்கும். வெளியில் வையுங்கள், ஆனால் தொட்டி முழுதும் பாறையாக உறைந்துபோக விடாதீர்கள். ஆண்டு முழுக்க வெப்பமாகவே இருக்கும் இடத்தில் விதையிலிருந்து டாஃபோடில் வளர்க்க முயல்வது வீண் ஏக்கம்தான். அதை முன்பே சொல்லிவிடுவது நல்லது.

முளைத்ததும் இன்னொரு ஆபத்து இருக்கிறது, நம் கைதான். முதல் ஆண்டு ஒரு நாற்றுக்கு ஒரே ஒரு இலை. பார்த்தால் புல். களை என்று நினைத்துப் பிடுங்கிவிடுவோம். குனிந்து உற்றுப் பாருங்கள். புல்லின் இலை தட்டையாக இருக்கும், சில நாளில் அடியிலிருந்து அடுத்த இலையும் வந்துவிடும். டாஃபோடில் நாற்று நூல் போல உருண்டு, தனியாகவே நிற்கும். சந்தேகம் இருந்தால் இரண்டு வாரம் பொறுங்கள்.

நெருக்கமாக முளைத்திருக்கிறதே என்று முதல் ஆண்டிலேயே பிரித்து நடவும் வேண்டாம். இரண்டு பருவம் அதே தொட்டியில் விடுங்கள். இரண்டாவது கோடையில், கிழங்கு தூங்கும்போது, மாற்றி நடலாம்.

இலை பச்சையாக இருக்கும்வரை தண்ணீரை நிறுத்தக்கூடாது. கிழங்கு பருப்பது அந்தச் சில வாரங்களில்தான். ஒவ்வொரு வாரம் கூடுதலாக இலை நிற்கும்போதும் பூக்கும் நாள் நெருங்குகிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பொட்டாசியம் கூடுதலான திரவ உரத்தைப் பாதியாக நீர்த்து ஊற்றுங்கள். தழைச்சத்து மிகுந்த உரம் இலையைத்தான் கொழுக்கவைக்கும். வாடும் இலையை வெட்டுவதும் முடிச்சுப் போடுவதும் கூடாது, அது தானாகக் காயட்டும்.

கோடையில் தொட்டியை நிழலுக்கு மாற்றி, தண்ணீரை மிகவும் குறையுங்கள். ஊற்றிக்கொண்டே இருந்தால் கிழங்கு அழுகும். ஆனால் சுடுவெயிலில் வைத்துக் காயப்போட்டால் கோதுமை மணி அளவுக் கிழங்கு சுருங்கிவிடும். பல்போகோடியம் மண் காய்வதைத் தாங்கும், சைக்ளமினியஸுக்கு எப்போதும் கொஞ்சம் ஈரம் வேண்டும்.

வசந்தத்தின் முடிவில் வண்டுத்தேனீ போல ரோமம் அடர்ந்த ஈ ஒன்று சுற்றும். அது நார்சிசஸ் ஈ. வாடிய இலைகளின் அடியில் முட்டையிடும், புழு கிழங்கைக் குடைந்து தின்றுவிடும். நுண்வலை கொண்டு தொட்டியை மூடுங்கள். இலை காய்ந்து விழுந்த இடத்தில் துளை தெரிந்தால் மண்ணைத் தூவி அடைத்துவிடுங்கள். மூன்று ஆண்டு வளர்த்த கிழங்கை ஒரு புழு காலி செய்வதைப் பார்ப்பது கொடுமை.

பெயர் அட்டையில் இனமும் விதைத்த ஆண்டும் பென்சிலால் எழுதுங்கள், மை வெயிலில் மங்கிவிடும். டாஃபோடில் கிழங்கு நஞ்சு, வெங்காயம் போலவே இருக்கும். பிரித்து நடும் நாளில் சமையலறைப் பக்கம் வைக்காதீர்கள். அதன் சாறு சிலருக்குத் தோலில் அரிப்பைத் தரும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

பல்போகோடியம் பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது ஆண்டில் பூக்கும். மற்ற இனங்களுக்கு ஐந்து ஆண்டுகூட ஆகலாம். அதனால் ஒரே ஒரு தொட்டி விதைத்துவிட்டுக் காத்திருக்காமல், ஆண்டுக்கு ஒன்றாக விதைத்துவாருங்கள். முதல் பூ வந்தபின் ஆண்டுதோறும் ஏதாவது ஒரு தொட்டி முதன்முறையாகப் பூத்துக்கொண்டே இருக்கும்.