திருட்டுப்போன லேப்டாப்பைப் பேச வைப்பது

என் முதல் லேப்டாப் ரயிலில் போனது. பையைத் தலைக்கு வைத்துத் தூங்கினேன். விழித்தபோது பை இருந்தது, உள்ளே சார்ஜர் மட்டும் இருந்தது. புகார் எழுதியவர் கேட்ட முதல் கேள்வி, "சீரியல் நம்பர் என்ன?" தெரியாது. "கறுப்பு நிறம் சார்" என்றேன். அந்தப் புகார் அதோடு முடிந்தது.

இரண்டாவது லேப்டாப்பை நூலக மேசையிலிருந்து யாரோ எடுத்துப் போனார்கள். அது 23 நாளில் திரும்பி வந்தது. அதை வாங்கிய அன்று சாயங்காலம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து செய்து வைத்த வேலைதான் காரணம். திருட்டுப்போன பிறகு தேடும் சாஃப்ட்வேரைப் போட வழியே கிடையாது. ஆகவே இதை லேப்டாப் கையில் இருக்கும்போதே படியுங்கள்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடலாம். பெரும்பாலான லேப்டாப்பில் ஜிபிஎஸ் கிடையாது. சுற்றிலும் எந்தெந்த வைஃபை தெரிகிறது என்று பார்த்து, அவை இருக்கும் இடங்களின் பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் அது தன் இடத்தைச் சொல்கிறது. வீடுகள் நெருங்கிய பகுதியில் சில பத்து மீட்டருக்குள் காட்டும். வைஃபை விவரம் கிடைக்காவிட்டால் ஐபி முகவரிதான், அதாவது இன்டர்நெட் இணைப்புக்குக் கிடைக்கும் எண்தான் மிச்சம், அது பல நேரம் ஊர் வரைதான் கொண்டு விடும். இருப்பிட வசதியை அணைத்து வைத்திருந்தால் துல்லியமான இடம் கிடைக்காது.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 'ஃபைண்ட் மை டிவைஸ்' இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும், அந்தக் கணக்கு அட்மின் கணக்காகவும், அதாவது எல்லா அமைப்பையும் மாற்றும் உரிமை உள்ளதாகவும் இருக்க வேண்டும். இடம் காட்டும், லாக் செய்யும், அவ்வளவுதான். மேக்கில் 'ஃபைண்ட் மை' இதைவிடக் கெட்டி. டி2 என்ற பாதுகாப்பு சிப் அல்லது ஆப்பிளின் சொந்த சிப் உள்ள மேக்கில் ஆக்டிவேஷன் லாக்கும் சேர்ந்து வரும், அழித்தாலும் உங்கள் பாஸ்வேர்ட் இல்லாமல் உயிர் பெறாது. நான் போட்டிருந்தது ப்ரே என்ற தேடும் சாஃப்ட்வேர். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஸ்க்ரீன்ஷாட்டும் கேமரா படமும் அனுப்பும். ஆனால் திருடன் டிஸ்கைத் துடைத்து விண்டோஸை மறுபடி ஏற்றினால் ப்ரேயும் போய்விடும். அதனால் விண்டோஸுக்கும் முன்னால் ஓடும் பயாஸ் என்ற அடிப்படை அமைப்புக்குப் பாஸ்வேர்ட் போட்டு, லேப்டாப் யுஎஸ்பியிலிருந்து தொடங்குவதை நிறுத்தினேன். கை தேர்ந்தவனை இது நிறுத்தாது, ஆனால் என் லேப்டாப்பை எடுத்தவன் கை தேர்ந்தவன் இல்லை.

அடுத்தது கொஞ்சம் விசித்திரமான யோசனை. எல்லாவற்றையும் இறுக்கிப் பூட்டிவிட்டால் திருடன் உள்ளே போகவே மாட்டான், இன்டர்நெட்டில் சேர மாட்டான், சாஃப்ட்வேரும் வாய் திறக்காது. அதற்காக டிஸ்கைப் பூட்டாமல் விடவும் முடியாது. நான் விண்டோஸில் டிஸ்கைப் பூட்டும் பிட்லாக்கரைப் போட்டு, என் கணக்குக்கு நீளமான பாஸ்வேர்ட் வைத்து, பாஸ்வேர்டே இல்லாத சாதாரணக் கணக்கு ஒன்றைத் திறந்து வைத்தேன். அட்மின் உரிமை அதற்குக் கிடையாது, என் ஃபைல்களையும் திறக்க முடியாது. கூண்டுக்குள் வைத்த தேங்காய்த் துண்டு மாதிரி. டிஸ்கைப் பூட்டும் ஃபைல்வால்ட் போட்ட மேக்கில் விருந்தினர் கணக்கைத் திறந்தால் சஃபாரி பிரவுசர் மட்டும் வரும், அதுவே போதும். அலுவலக ரகசியங்கள் இருக்கும் லேப்டாப்பில் இந்தத் தந்திரம் வேண்டாம்.

சீரியல் நம்பரையும் பில்லையும் படம் எடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பி வையுங்கள்.

இனி, போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். வேறொரு கருவியிலிருந்து தேடும் சேவையின் கணக்குக்குள் போய் 'காணவில்லை' என்று குறியுங்கள். மெயில், வங்கி பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். புகார் கொடுங்கள். கணக்கிலிருந்து அந்த லேப்டாப்பை நீக்காதீர்கள். மேக்கில் நீக்கினால் ஆக்டிவேஷன் லாக்கை நீங்களே அவிழ்த்துக் கொடுத்த கதைதான். ஆத்திரத்தில் 'அழி' பட்டனையும் தொடாதீர்கள். அழித்தால் தேடும் சாஃப்ட்வேரும் சேர்ந்து போகலாம். டிஸ்க் பூட்டியிருக்கிறது என்றால் அவசரம் எதற்கு?

பிறகு காத்திருப்பு. எனக்கு ஒன்பது நாள் ஒன்றுமே வரவில்லை. பத்தாம் நாள் ராத்திரி வந்த முதல் மூன்று கேமரா படங்களில் வீட்டுக் கூரையும் பாதி நெற்றியும் இருந்தன. வழி காட்டியது ஒரு ஸ்க்ரீன்ஷாட்: யாரோ தன் மெயிலைத் திறந்து வைத்திருந்தார். அதோடு ஐபி முகவரியையும் காவல்துறையிடம் கொடுத்தேன். ஐபி முகவரியை மட்டும் எழுதிக் கொடுத்தால் பயன் குறைவு. அதே முகவரி காலையில் ஒருவருக்கும் மாலையில் வேறொருவருக்கும் போகும், ஒரே நேரத்தில் பலர் பங்கு போடுவதும் உண்டு. தேதி, நிமிடம் வரை நேரம், அது எந்த நாட்டு நேரக் கணக்கு, எல்லாம் வேண்டும். அதை வைத்து இன்டர்நெட் நிறுவனத்திடம் பெயரைக் கேட்கக் காவல்துறையால் முடியும், நம்மால் முடியாது.

வரைபடத்தில் புள்ளி தெரிந்ததும் கால் பரபரக்கும். போகாதீர்கள். அந்தப் புள்ளிக்குள் பத்து வீட்டுக் கதவு இருக்கலாம், உள்ளே இருப்பவர் அதைக் காசு கொடுத்து வாங்கிய அப்பாவியாகவும் இருக்கலாம். அமெரிக்காவின் ஒஹையோவில் திருட்டு லேப்டாப் என்று தெரியாமல் 60 டாலருக்கு வாங்கியதாகச் சொன்ன ஓர் ஆசிரியை, தன் அந்தரங்க உரையாடல்களையும் படங்களையும் பிடித்ததற்காகத் தேடும் நிறுவனத்தின் மேலேயே வழக்குப் போட்டார். 2011-ல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்ய மறுத்தது. முகத்தையும் இடத்தையும் எடுத்துக் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள், வேடிக்கை பார்க்க வேண்டாம்.

இன்னொன்று. 'உங்கள் சாதனம் கிடைத்துவிட்டது, இங்கே லாகின் செய்யுங்கள்' என்று குறுஞ்செய்தி வந்தால் தொடாதீர்கள். லாக்கை அவிழ்க்கப் பாஸ்வேர்ட் கேட்டுத் திருடன் போடும் தூண்டில் அது.

கைக்குத் திரும்பி வந்ததும் காவல்துறைக்கு இனி அது தேவையில்லை என்று உறுதி செய்துகொண்டு, மெயில், வங்கி பாஸ்வேர்ட் எதையும் அதில் தட்டாமல் டிஸ்கைத் துடைத்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றுங்கள். உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது. என்னுடையதில் அந்தக் காலிக் கணக்கின் பின்னணிப் படத்தை மாற்றியிருந்தார்கள். ஓர் அருவி. நல்ல படம்தான், அதையும் சேர்த்து அழித்தேன்.