ஆர்கன் குழல் செய்கையில் கை சறுக்கும் இடங்கள்

ஈயச் சொம்பை வெறுமனே அடுப்பில் ஏற்றிவிட்டு மறந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள், திரும்பி வந்தபோது சொம்பு இல்லை, பர்னரைச் சுற்றி வெள்ளிக் குழம்புதான் இருந்தது என்று. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். தேவாலயங்களில் நிற்கும், காற்றால் ஒலிக்கும் இசைக்கருவியான பைப் ஆர்கனின் உலோகக் குழல்கள் பெரும்பாலும் அதே வெள்ளீயமும் காரீயமும் கலந்து வார்த்தவை.

முதல் சறுக்கல் இந்தக் கலவையிலேயே. நாம் இரண்டையும் ‘ஈயம்’ என்று சொல்லிவிட்டுப் போகலாம், குழல் செய்கிறவர் போக முடியாது. வெள்ளீயம் கூடினால் தகடு விறைப்பாகவும் பளபளப்பாகவும் வரும். காரீயம் கூடினால் கனத்து, மெத்தென்று ஆகிவிடும். ஏறக்குறைய பாதிக்குப் பாதி என்றால் ஆறும்போதே தகட்டில் புள்ளி புள்ளியாகப் பூக்கும். சரக்கு சுத்தமாக இருக்கட்டும் என்று கலப்பே இல்லாத காரீயத்தை வாங்குவதும் தப்பு. பழைய காலத்துக் காரீயத்தில் ஆன்டிமனி, செம்பு, பிஸ்மத் எல்லாம் துளித்துளி ஒட்டியிருந்தன. அந்த அழுக்குதான் அதற்குத் தெம்பு. சுத்தக் காரீயக் குழல் வருடங்கள் போகப் போகத் தன் பாரத்திலேயே அமுங்கி உட்கார்ந்துவிடும்.

வார்ப்பதற்குத் துணி விரித்த நீளமான மேசை. அதன்மேல் அடியில்லாத பெட்டி ஒன்று. உருகிய உலோகத்தை அதில் ஊற்றி, பெட்டியை மேசை நெடுக இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். கொதிக்கக் கொதிக்க இழுத்தால் தகடு சீராக வராது. வெல்லப்பாகுக்குப் பதம் பார்ப்பதுபோல, லேசாகக் கெட்டிப்படத் தொடங்கும் நொடிக்குக் காத்திருக்க வேண்டும். இழுக்க ஆரம்பித்தபின் நடுவில் நின்றாலோ, அந்த இடத்தில் மேடு கட்டிவிடும்.

அளவுக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. மேற்கத்திய ஸ்வரமான ‘சி’யில் கீழ் ‘சி’ குழல் சுமார் 2.4 மீட்டர் நீளம், ஒரு ஸ்தாயி மேலே 1.2 மீட்டர். நீளம் பாதியாகிறதே, விட்டத்தையும் பாதியாக்கினால் என்ன என்று தோன்றும். அப்படிச் செய்தால் மேல் ஸ்வரங்கள் மெலிந்து கீச்சிடும். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் வைமாரில் இருந்த ஆர்கன் வல்லுநர் டோப்ஃபர் இதற்கு ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்தார். அதன்படி 16 அரைஸ்வரம் (ஒரு ஸ்தாயிக்கு 12) ஏறியபிறகுதான் விட்டம் பாதியாகும். 155.5 மி.மீ. விட்டத்தில் தொடங்கினால் அடுத்த ‘சி’க்குச் சுமார் 92 மி.மீ. வரும்.

பற்றவைப்பில் கவனிக்க ஒன்றே ஒன்று. குழலும் பற்றாசும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் உருகுகிறவை. விளிம்பைச் சுற்றிச் சுண்ணப் பசை பூசாமல், சூட்டுக்கோலை ஒரே இடத்தில் நிறுத்தினால் ஓட்டை நிச்சயம்.

இதெல்லாம் போனால் போகிறது, உருக்கி மறுபடி வார்க்கலாம். என் கணக்கில் ஆகப் பெரிய தவறு குழலின் வாயில், அதாவது காற்று மோதி ஒலி பிறக்கும் முன்பக்க வெட்டில், நடப்பதுதான். அந்த 92 மி.மீ. குழலின் சுற்றளவு 290 மி.மீ. சுமார். வாயின் அகலம் அதில் கால்வாசி, 72. வாயின் உயரம் அகலத்தில் கால்வாசி, 18. கணக்கு கையில் இருக்கிறதே என்று பட்டறையிலேயே 18-ஐ வெட்டிவிடுவார்கள் புதியவர்கள். தேர்ந்தவர் 15, 16-இல் நிறுத்தி ஊதிப் பார்ப்பார். வாய் தாழ்ந்திருந்தால் குழல் ஒரு ஸ்தாயி மேலே தாவப் பார்க்கும். மேலுதட்டிலிருந்து மயிரிழை சீவி, மறுபடி ஊதி, மறுபடி சீவி, கடைசி இழையைக் குழல் நிற்கப்போகும் கோயிலுக்குள் போய் எடுப்பார். ஒரு இழை கூடிவிட்டால் ஒலி மழுங்கி, பொக்கையாகிவிடும். சீவியதை ஒட்டவைக்க வழியில்லை.

வாய்க்கு உள்ளே, காற்றை மேலுதட்டை நோக்கித் திருப்பும் நாக்குத் தகட்டின் விளிம்பில் பல் பல்லாகக் கீறுவதும் இதே கதைதான். ஸ்வரம் பிறக்கும்போது ‘த்’ என்று ஒரு மூச்சுச் சத்தம் கேட்கும். அது பிடிக்காமல் ஆழக் கீறுகிறார்கள். சத்தம் போகும், கூடவே ஸ்வரத்தின் முகமும் போகும். ஜெர்மனியில் இந்தத் தொழிலுக்கு மூன்றரை வருடம் பயிற்சி வைத்திருக்கிறார்கள். 2017-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் இந்தக் கைவினை ஏறியது. அத்தனை பயிற்சிக்குப் பிறகும் குழலுக்குக் குரல் கொடுக்கும் வேலை எல்லோருக்கும் கைவருவதில்லை.

சுருதி சேர்க்கும்போது குழலைக் கையில் பிடித்துக்கொண்டே இருக்கக் கூடாது. உள்ளிருக்கும் காற்று ஒரு டிகிரி சூடானால் சுருதி சுமார் 3 சென்ட் ஏறும் (ஒரு சென்ட் என்பது அரைஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு). கைச்சூட்டில் சரியாகச் சேர்ந்தது, ஆறியபின் இறங்கி நிற்கும்.

குழல்களை வைக்கும் மரத்தையும் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் லூபெக் நகரத்து யாக்கோபு ஆலயத்தில், ஆர்கன் செய்பவரான ஸ்டெல்வாகன் 1637-இல் விரிவாக்கிய ஆர்கனின் பழங்குழல்கள் அரித்துப் போனபோது ஐரோப்பிய ஒன்றியமே ஆய்வுக்குப் பணம் கொடுத்தது. ஓக் மரத்திலிருந்து கசியும் அசெட்டிக் அமிலத்தின் ஆவி காரீயத்தைத் தின்றுகொண்டிருந்தது. இன்றும் பழுதுபார்க்க வருகிறவர்கள் முதலில் குழலின் பாதத்தைத்தான் திருப்பிப் பார்க்கிறார்கள், வெள்ளைப் பொடி படிந்திருக்கிறதா என்று.